அப்பா, அம்மாவை அடக்கம் செய்யும் நாளில்: நீலகிரிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர்ப் பக்கம் எங்கள் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரம்) ஒரு வீட்டில் சாவு என்றால், அன்பியத்திலிருந்து (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) முதலில் போகிற நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. போகிற வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை. தாத்தா, பாட்டி போனபோது பெரியவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள். இப்போது இவர்களே பெரியவர்கள். அழக்கூட நேரமில்லாமல், பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதைக் கேட்டபடி வாசலில் நிற்கிறார்கள். அப்படி நின்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன். சடங்கு உலகத்தில் எங்கும் ஒன்றுதான். வண்டியும் பாதையும் மழையும் குழியும் நம் மலைக்கென்று தனி.

அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை. ஃபாதரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவாரே?

இந்தப் பயத்தில் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடும் வீடுகளே அதிகம். சாகக் கிடக்கிறவருக்கு மட்டும்தான் பூசுவது என்ற பழைய நினைப்பு இன்னும் போகவில்லை. நோயில் பூசுதல் (ஆசீர்வதித்த எண்ணெயைப் பூசிச் செபிப்பது) நோயாளிக்கான அருட்சாதனம். பெரிய ஆபரேஷனுக்கு முன்னால், மூப்பினால் உடம்பு தளர்ந்தபோது, நோய் முற்றினால் திரும்பவும் என்று பெறலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே கூப்பிட்டால் அப்பா பாவசங்கீர்த்தனம் செய்யலாம், நன்மை (நற்கருணை) வாங்கலாம், மனதில் கிடப்பதை ஃபாதரிடம் இறக்கிவைக்கலாம். நினைவு தப்பிய பிறகு பூசுவது ஒன்றுதான் முடியும். ஃபாதர் வந்துபோன பிறகு நிம்மதியாகத் தூங்கிய பெரியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பயப்படுவது அநேகமாகப் பிள்ளைகள்தான்.

ஏற்பாடு பெரிதாக ஒன்றும் வேண்டாம். கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, கொஞ்சம் தீர்த்தம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் இங்கிருந்து ஃபாதர் இறங்கி வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பங்கிலிருந்தே ஒரு ஃபாதர் வரலாம். ஐ.சி.யூ.வில் என்றால் நர்சிடம் முன்கூட்டிச் சொல்லி ஐந்து நிமிடம் கேளுங்கள்.

ஃபாதர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. பூசாமலே போய்விட்டாரே?

அருட்சாதனங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கானவை. இறந்தது உறுதியானால் பூசமாட்டார்கள், இறந்தோருக்கான செபம் சொல்வார்கள். உயிர் இருக்கிறதா, போய்விட்டதா என்று சந்தேகம் இருந்தால் பூசலாம், பூசத்தான் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். அதனால் ‘இனி என்ன’ என்று நீங்களாக முடிவுகட்டாமல் கூப்பிடுங்கள்.

பூசாமல் போனவர் கடவுளின் கையிலிருந்து நழுவிப்போனார் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். எஸ்டேட் பாதையில் ஜீப் வர முடியாத ராத்திரிகள் இந்த மலையில் நிறைய உண்டு. அது கடவுளுக்குத் தெரியாததா?

உயிர் போனதும் முதலில் யாருக்குச் சொல்வது?

வீட்டில் இறந்தால் முதலில் டாக்டர். வழக்கமாகப் பார்த்துவந்த டாக்டரே வந்து பார்த்து, இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுத்தால் பின்னால் பதிவு செய்யும்போது அலைச்சல் இல்லை. அடுத்தது பங்குத்தந்தை. அவரிடம் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அழுதபடியே யாரோ ஒருவர் ‘நாளை காலை 11 மணிக்கு அடக்கம்’ என்று வாட்ஸப்பில் போட்டுவிடுகிறார். அது அரை மணியில் திருப்பூர், பெங்களூர், துபாய் எல்லாம் போய்ச் சேர்கிறது. அன்று காலை ஃபாதருக்குக் கிளைப்பங்கில் திருமணப் பூசை இருக்கிறது, குழி வெட்டும் ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நேரத்தை மாற்றப் படும் பாடு, சாவு வீடு படக்கூடாத பாடு. ஃபாதர், குழி வெட்டும் ஆள், வெளியூரிலிருந்து வரும் கடைசிப் பிள்ளை, இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு நேரம் சொல்லுங்கள். அதுவரை ‘இறைவனில் இளைப்பாறினார், அடக்க நேரம் பின்னர்’ என்று மட்டும் போடுங்கள். துக்க மணி அடிக்கக் கோவில்பிள்ளையிடமும் (கோவில் வேலைகளைப் பார்ப்பவர்), செபமாலை சொல்ல வர அன்பியத்திடமும் பங்கிலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

விபத்து, அல்லது யானை, காட்டுமாடு தாக்கி இறந்தால்?

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். போலீஸுக்குத் தகவல் சொல்லி, விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்த பிறகே உடலைத் தருவார்கள். வனவிலங்கு என்றால் வனத்துறைக்கும் சொல்ல வேண்டும். அரசின் இழப்பீட்டுக்கு அந்தக் காகிதங்கள் எல்லாம் தேவைப்படும். பரிசோதனை செய்த உடல் என்பதால் பூசையிலோ சடங்கிலோ எதுவும் குறையாது.

கண் தானம் செய்யலாமா?

செய்யலாம், திருச்சபை அதை அன்பின் செயலாகவே பார்க்கிறது. 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மலையில் பாதைக்கே பாதி நேரம் போய்விடும், அதனால் உடனே சொல்லுங்கள். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைச் சற்று உயர்த்திவையுங்கள். உடலையே மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்தவர் என்றாலும் அவருக்காகப் பூசை உண்டு.

அடக்கத்தை எவ்வளவு நேரம் தள்ளலாம்? தம்பி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

ஒரு நாள், இரண்டு நாள் தள்ளினால் தவறே இல்லை. ‘ராத்திரி தங்கக்கூடாது, வெள்ளிக்கிழமை ஆகாது’ என்றெல்லாம் சொல்வார்கள், அதற்கும் நம் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத பிள்ளை பல வருஷம் அதைச் சுமந்து திரிகிறான். முடிந்தவரை காத்திருங்கள்.

ஊட்டிக் குளிருக்கு ஃப்ரீசர் பெட்டி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மெழுகுதிரியும் கூட்டமும் சேர்ந்தால் சின்ன வீடு சூடாகிவிடும். பெட்டி கொண்டுவருகிறவரிடம் கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போவது இங்கே சாதாரணம். இரண்டு நாளுக்கு மேல் ஆகுமென்றால் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் வைப்பதோ எம்பாமிங் செய்வதோ நல்லது.

வருகிறவர்களுக்குப் பாதையைப் பற்றி முன்பே சொல்லிவையுங்கள். மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை. போனிலேயே எடுத்துவிடலாம், ஆனால் கல்லாறு செக்போஸ்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு எடுப்பதைவிட வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புவது மேல். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதை இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பர்லியார்ப் பக்கம் மண் சரிந்தால் குன்னூர் ரோட்டை நம்ப முடியாது. கோத்தகிரி வழியாக வரச் சொல்லுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377 என்ற எண்ணில் கேட்கலாம்.

அடக்கப் பூசை வைக்க முடியாத நாள் உண்டா?

உண்டு. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பெரிய சனி, கடன் பெருவிழாக்கள் (கட்டாயம் பூசை காண வேண்டிய பெரிய திருநாட்கள்), திருவருகை, தவக்கால, பாஸ்கா கால ஞாயிறுகள், இந்த நாட்களில் அடக்கத் திருப்பலி கிடையாது. ஆனால் அடக்கம் நடக்கும். வாசகம், மன்றாட்டு, தீர்த்தம், தூபம், கல்லறைச் செபம் எல்லாம் உண்டு. பூசையை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

எஸ்டேட் கிளைப்பங்குகளில் இன்னொரு நிலைமையும் வரும். ஒரே ஃபாதர் ஐந்தாறு கோவில்களைப் பார்க்கிறார், அன்றைக்குப் பார்த்து அவரால் வர முடியாமல் போகலாம். அவர் அனுமதியோடு வேதியரே (உபதேசியார்) செபங்களைச் சொல்லி அடக்கம் செய்யலாம். வேதியர் வைத்ததால் இது இரண்டாம் தர அடக்கம் என்று நினைக்க வேண்டாம். திருச்சபையின் செபம் யார் வாயிலிருந்து வந்தாலும் திருச்சபையின் செபம்தான்.

வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும்?

குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, கைகளைக் கூப்பிச் செபமாலையைச் சுற்றி, தலைமாட்டில் பாடுபட்ட சுரூபமும் எரிகிற மெழுகுதிரியும் வைப்பது நம் வழக்கம். வருகிறவர்கள் குழுகுழுவாகச் செபமாலை சொல்வார்கள். பிறகு இறந்தோர் மன்றாட்டு மாலை. முடிந்தால் இரவில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் வாசகம், பாட்டு, செபம் என்று வையுங்கள். திருச்சபை கேட்கிற திருவிழிப்பு அதுதான். மைக் செட்டில் சத்தமாகப் பாட்டுப் போட்டுவிட்டு அதையே செபம் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து சொல்லும் ‘நித்திய இளைப்பாற்றி’தான் அம்மாவுக்கு வேண்டியது.

தண்ணீர் விஷயம் சின்னதுதான், ஆனால் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் தடை இருக்கிறது. சொந்தக்காரர்கள் கீழே இருந்து பெட்டி பெட்டியாக வாங்கி வந்து செக்போஸ்டில் மாட்டிக்கொள்கிறார்கள். எவர்சில்வர் டம்ளரும் ஒரு பெரிய கேனும் பக்கத்து வீட்டில் கேட்டாலே கிடைக்கும். பிளாஸ்டிக் சுற்றிய மலர் வளையத்துக்கும் இதே கதிதான்.

அப்பா இறந்ததும் அம்மாவின் தாலியையும் வளையலையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இது கோவில் சடங்கா?

இல்லை. அடக்கச் சடங்கில் எந்த இடத்திலும் இது கிடையாது. எந்தச் செபப் புத்தகத்திலும் கிடையாது. இருந்தும் பல வீடுகளில் நடப்பதைப் பார்க்கிறேன். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரை இழந்து உட்கார்ந்திருக்கும் அம்மாவைச் சுற்றிப் பத்துப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி பூவை எடுக்கிறாள், இன்னொருத்தி கண்ணாடி வளையலைத் தட்டி உடைக்கிறாள், மணிக்கட்டில் ரத்தம் வருகிறது. அம்மா தடுக்கவில்லை, தடுக்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வெளியே பந்தல் வேலையில் இருக்கிறார்கள்.

மகனோ மகளோ யாராவது ஒருவர் அம்மா பக்கத்திலேயே இருங்கள். ‘எங்கள் அம்மா எப்படி இருக்கிறாரோ அப்படியே இருப்பார்’ என்று ஒரே தடவை உறுதியாகச் சொல்லுங்கள். பெரிய அத்தை கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். அந்தத் தாலியில் சிலுவை இருக்கிறது. மந்திரித்துக் (ஆசீர்வதித்துக்) கட்டியது. போட்டிருப்பதா, கழற்றி வைப்பதா என்பதை அம்மா தன் மனதுக்குப் பட்டபோது முடிவு செய்துகொள்ளட்டும். ஃபாதரிடம் முன்பே சொல்லிவைத்தால் அவரும் ஒரு வார்த்தை சொல்வார்.

பெண்கள் கல்லறைக்கு வரலாமா? நாங்கள் மூன்று பேரும் மகள்கள்தான்.

வாருங்கள். பெட்டியைத் தூக்குவது, கல்லறையில் முதல் மண் போடுவது எல்லாம் ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று திருச்சபை எங்கும் சொல்லவில்லை. இயேசுவின் கல்லறைக்கு விடியற்காலையில் போனவர்கள் பெண்கள்தானே. மகன் இல்லை என்பதற்காகத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையனைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. கடைசிவரை மருந்து கொடுத்து, மலம் அள்ளிப் பார்த்துக்கொண்ட மகள் பின்னால் நிற்பாள்.

எங்கள் வீட்டில் இந்து உறவினர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்யலாம்?

லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சாவு என்பது லைன் முழுக்கச் சாவு. அடுப்புப் பற்றவைத்துக் கடுங்காப்பி போடுவது முதல் பெட்டி தூக்குவதுவரை எல்லா மதத்தாரும் கூட நிற்கிறார்கள். மாலை போடலாம், பூவும் மண்ணும் போடலாம், கோவிலுக்குள் வந்து உட்காரலாம், தீர்த்தம் தெளிக்கலாம். நன்மை வாங்குவது மட்டும் கத்தோலிக்கருக்கு. அதைப் பூசை தொடங்கும்போதே வேதியர் பணிவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. சூடம், தேங்காய், வாய்க்கரிசி என்று யாராவது ஆரம்பித்தால் உடலைச் சுற்றி நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். வீட்டின் பெரியவர் ஒருவர் அவரைத் தனியே அழைத்து, ‘எங்கள் முறைப்படி செபம் சொல்லி அனுப்புகிறோம் அண்ணே, கூட நில்லுங்கள்’ என்று சொன்னால் போதும். நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை.

பெட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விலைக்கு முன்னால் உங்கள் வீட்டு வாசலை அளந்துகொள்ளுங்கள். லைன் வீட்டுக் கதவும் அதை ஒட்டிய நடையும் குறுகல். கைப்பிடி வைத்த அகலப் பெட்டி உள்ளே போகும், ஆளை வைத்தபின் திருப்பி வெளியே எடுக்க முடியாது, சாய்த்து எடுக்க நேரும். அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது மறக்காது. கட்டிலோடு வாசலுக்குக் கொண்டுவந்து, முற்றத்தில் பெட்டியில் வைப்பது நல்லது.

ரோடு வரை படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் என்றால் ஆறு பேர் போதாது. மாற்றிக்கொள்ள இன்னும் ஆறு பேர் வேண்டும், இறக்கத்தில் முன்னால் உயரமானவர்கள். மழை என்றால் பாசி பிடித்த படிகளில் சாம்பலோ மணலோ தூவிவிடுங்கள். பித்தளைச் சிலுவையும் வெல்வெட்டும் வைத்த பெட்டியைக் கடன் வாங்கி எடுக்காதீர்கள். சாதாரணப் பலகைப் பெட்டி போதும்.

வாசகமும் பாட்டும் நாங்களே தேர்ந்தெடுக்கலாமா?

தாராளமாக. ஃபாதரிடம் கேட்டால் பட்டியல் தருவார். சாலமோனின் ஞானம் 3:1-9, நேர்மையாளர்களின் ஆன்மாக்கள் கடவுள் கையில் இருப்பதைச் சொல்வது, பலருக்கும் பிடித்தது. பாஸ்கா காலத்தில் இறந்தவர் என்றால் முதல் வாசகம் திருத்தூதர் பணியிலிருந்தோ திருவெளிப்பாட்டிலிருந்தோ வரும். பதிலுரைப் பாடலுக்கு ஆயரைப் பற்றிய திருப்பாடல் 23. நற்செய்திக்கு யோவான் 14:1-6, அல்லது இலாசர் இறந்தபோது மார்த்தாவிடம் இயேசு பேசும் யோவான் 11. இந்த இரண்டாவது பகுதியை நான் விரும்பிச் சொல்வேன். ‘நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்’ என்று மார்த்தா ஆண்டவரிடமே ஆதங்கப்படுகிறார். நம் மனதில் இருப்பதும் அதுதானே.

வாசிக்கப் பேரப்பிள்ளையை நிறுத்த ஆசைப்படுவீர்கள். தொண்டை அடைத்து நின்றுவிட்டால் எடுத்து வாசிக்க இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பாட்டு, பங்குப் பாடகர் குழுவுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். அம்மாவுக்குப் பிடித்த சினிமாப் பாட்டு வீட்டோடு.

கோவிலில் அப்பாவைப் பற்றி யாராவது பேசலாமா?

மறையுரை, இறந்தவரைப் புகழும் உரையாக இருக்கக்கூடாது என்பது வழிபாட்டு ஒழுங்கு. அதனால் ஃபாதர் உங்கள் அப்பாவைப் பற்றிக் கொஞ்சமாகப் பேசினார் என்று வருத்தப்படாதீர்கள். நன்மைக்குப் பின் செபம் முடிந்து, இறுதிப் பிரியாவிடைக்கு (பெட்டியருகே சொல்லும் கடைசிச் செபம்) முன்னால் குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாகப் பேச இடம் உண்டு. ஒருவர் மட்டும், எழுதிவைத்து, ஒரு பக்கத்துக்குள். சங்கத் தலைவர், கட்சிக்காரர், பள்ளித் தோழர் எல்லாரும் பேச வேண்டுமென்றால் வீட்டு முற்றத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கோவிலிலும் கல்லறையிலும் என்ன நடக்கும்? எங்கே நிற்பதென்றுகூடத் தெரியாது.

வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்துப் பெட்டியை வரவேற்பார். ஞானஸ்நானத்தின் நினைவு அது. பீடத்துக்கு முன்னால், கால் பீடத்தைப் பார்க்கும்படி பெட்டியை வைத்து, பக்கத்தில் பாஸ்கா திரியை (உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரி) ஏற்றுவார்கள். குடும்பம் முன் வரிசையில். பூசை முடிந்ததும் இறுதிப் பிரியாவிடை, மறுபடியும் தீர்த்தம், தூபம். முகம் பார்க்கக் கடைசியாக நேரம் தருவார்கள். இதற்குப் பிறகு கல்லறையில் திரும்பத் திரும்பப் பெட்டியைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

கல்லறையில் செபம் கொஞ்ச நேரம்தான். குழியை மந்திரித்து, இறக்கி, மண் போடுவது. ஆனால் மலையில் இந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் நிறையத் தயாரிப்பு. குழியை முந்தின நாளே முழுதாக வெட்டி மழைக்கு விட்டால் கரை சரியும், அடியில் தண்ணீர் கட்டும். மேலே தார்ப்பாய் கட்டி, அடியில் நிற்கும் தண்ணீரை இறைக்க வாளி வையுங்கள். கயிறு புதிதாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும். சரிவான கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் முழுக்கக் குழி ஓரத்துக்கு வந்தால் மண் இடியும். பங்கு இளைஞர்கள் இரண்டு பேரை நிறுத்தி விலக்குங்கள்.

எல்லாம் நாலரை மணிக்குள் முடிகிற மாதிரி நேரம் வையுங்கள். ஐந்து மணிக்கு மேல் பனி இறங்கி எதிரே நிற்பவர் தெரியமாட்டார். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டுமாடும், கூடலூர், தேவாலாப் பக்கம் யானையும் நடமாடும் நேரம் அது.

குழி வெட்டியவர்களுக்கும் பெட்டி தூக்கியவர்களுக்கும் குடிக்கக் காசு கொடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், வயிறாரச் சாப்பாடு கொடுங்கள், குளிருக்குச் சூடாகக் காப்பி கொடுங்கள். சாராயம் வேண்டாம். அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எரிக்கலாமா?

திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது. புதைப்பதையே அது விரும்புகிறது, ஆனாலும் விசுவாசத்தை மறுக்கும் எண்ணத்தோடு செய்யாதவரை எரிப்பதில் தடையில்லை. எரிப்பதற்கு முன்னால் கோவிலில் பூசை வைக்கலாம். அஸ்தியை ஆற்றில் கரைப்பது, தூவுவது, அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக்கொள்வது கூடாது என்று 2016-இல் வத்திக்கான் தெளிவாகச் சொன்னது. கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறையில் வைத்துவிடுங்கள். இடம் இல்லாத பங்குகளில் இது நல்ல வழிதான்.

அப்பா இருபது வருஷமாகக் கோவிலுக்கே போகவில்லை. பங்குச் சந்தாவும் பாக்கி. அடக்கம் மறுப்பார்களா?

சந்தா பாக்கிக்காக அடக்கத்தை மறுக்க முடியாது. ஏழைகள் முறையான அடக்கம் இல்லாமல் போகக்கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. கட்ட முடிந்தால் பிறகு கட்டுங்கள், முடியாவிட்டால் ஃபாதரிடம் நேராகச் சொல்லுங்கள், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபை இருக்கும் பங்கில் பெட்டிச் செலவுக்கும் கேட்கலாம். கோவிலுக்கு வராமல் இருந்ததும், மறுமணச் சிக்கலும் தடையாவதில்லை. விசுவாசத்தை வெளிப்படையாக விட்டு விலகியவர் விஷயத்தில் மட்டும் பங்குத்தந்தை யோசிப்பார். கடைசியில் செபம் கேட்டார், சிலுவையை முத்தமிட்டார் என்று எந்த அடையாளம் இருந்தாலும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மா தற்கொலை செய்துகொண்டார். வெளியே சொல்லவே பயமாக இருக்கிறது.

பூசையும் உண்டு, கல்லறைத் தோட்டத்தில் இடமும் உண்டு. மறுத்த காலம் போய்விட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அந்தத் தடையே இல்லை. கடுமையான வேதனையும் மனநோயும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் திருச்சபை போதிக்கிறது. போலீஸ் விசாரணை இருக்கும், அதனால் ஒரு நாள் தாமதமாகும். ஃபாதரிடம் உண்மையைச் சொல்லுங்கள், ஊருக்கு விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. வீட்டில் யாருக்காவது தாங்க முடியாத அளவுக்கு இருண்டுவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

இறப்புப் பதிவுக்கு என்ன செய்ய வேண்டும்?

21 நாட்களுக்குள் பதிய வேண்டும், அதுவரை கட்டணமில்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் தந்துவிடுவார்கள், தந்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இறந்தால் கிராமப் பகுதிக்குக் கிராம நிர்வாக அலுவலர், நகராட்சி, பேரூராட்சிக்கு அந்தந்த அலுவலகம், வெலிங்டன் என்றால் கன்டோன்மென்ட். ஓராண்டைத் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர்வரை போக வேண்டிவரும்.

நம் வீடுகளில் முக்கியமான சிக்கல் பெயர். ஞானஸ்நானப் புத்தகத்தில் சவரியம்மாள், ஆதாரில் செல்வி, எஸ்டேட் செக்ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) வேறு ஒரு எழுத்து. சான்றிதழுக்கு ஆதாரில் உள்ள பெயரையே கொடுங்கள், பி.எஃப்., பென்ஷன், வங்கி, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் அதை வைத்துத்தான் நகரும். பங்கின் இறப்புப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் ஏறட்டும். தகவல் கொடுக்கும் அன்றே எழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், பிறகு திருத்துவதற்கு நிறைய அலைய வேண்டும்.

ஏழாம் நாள், முப்பதாம் நாள் பூசை கட்டாயமா?

கட்டாயமில்லை, நல்ல வழக்கம். பூசைக் கருத்தை முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். சிலர் ஊட்டி காந்தல் குருசடித் திருத்தலத்தில் வைக்க விரும்புவார்கள், அதுவும் செய்யலாம். முப்பதாம் நாளுக்குக் கிடா வெட்டி ஊருக்கே விருந்து வைத்துக் கடனாளியாகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசை வைத்து, வந்தவர்களுக்குக் காப்பியும் பன்னும் கொடுத்தால் அப்பாவின் ஆத்துமாவுக்கு எதுவும் குறைந்துவிடாது. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்துச் செபித்தால், வழக்கமான நிபந்தனைகளோடு, இறந்தவருக்காகப் பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை) பெறலாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஃபாதர் கல்லறைகளை மந்திரிப்பார்.

கல்லறை எப்போது கட்டலாம்?

அவசரப்பட்டு நாற்பது நாளுக்குள் கிரானைட் பதிக்காதீர்கள். நம் மண் ஒரு மழைக்காலமாவது இறங்கி அமர வேண்டும். இல்லாவிட்டால் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெடிக்கும். அதுவரை மரச்சிலுவையும் பெயர்ப் பலகையும் போதும். கட்டுவதற்கு முன்னால் பங்கில் கேட்டு அளவை எழுதி வாங்குங்கள். சில கல்லறைத் தோட்டங்களில் நிரந்தரமாகக் கட்ட அனுமதியில்லை, சில வருஷம் கழித்து அதே குழியில் இன்னொருவரை வைப்பார்கள். அம்மாவையும் பின்னால் அங்கேயே வைக்க நினைத்தால் அதையும் அப்போதே பேசி, ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.